பின்சீட்டுப் பிரேக்

வலது பக்கமாகத்தான் போகிறாள், போகட்டும், இந்த ஊரில் வலதுதான் சரி, அது எனக்கும் தெரியும், தெரிந்தும் கை போய் பிரேக்கைப் பிடிக்கிறது, பிடித்ததும் முன்னால் கோமதியின் முதுகு ஒரு தடவை குலுங்குகிறது. "பிரேக்க விடுங்க" என்கிறாள். திரும்பாமலே சொல்கிறாள், திரும்பக் கூடாது, ஹேண்டில்பார் அவள் கையில் இருக்கிறது. என் கையில் இருப்பது அசையாத ஒரு கம்பி, அதில் மாட்டிய ஒரு பிரேக். ரெண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள் இது, மகள் சங்கரி வேலை பார்க்கும் லின்ஸ் நகரத்தில் எங்களுக்காக வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். பையெல்லாம் கட்டினால் பாரம் கூடிப்போகும், இறக்கத்தில் பின்னால் இருப்பவரும் பிடித்தால் நல்லது என்று கடைக்காரன் இந்த மூன்றாவது பிரேக்கைக் காட்டிச் சிரித்தான். பாவம், யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்துவிட்டான். சங்கரன்கோவில் ஸ்ரீ கோமதி டிரைவிங் ஸ்கூல் ஆறுமுகநயினார் மாஸ்டர் கையில் போய் யாராவது உபரியாக ஒரு பிரேக்கைக் கொடுப்பார்களா. முப்பது வருஷம் இடது சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை ஊரான் கையில் விட்டுவிட்டு, காலடியில் எனக்கென்று தனிப் பிரேக் வைத்துப் பிழைத்தவன் நான். லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ என்று நான் கத்திய கத்தில் என் தெருக் கிளி கூட அதைச் சொல்லியிருக்கும். அந்த உடம்பைக் கொண்டுவந்து டான்யூப் ஆற்றங்கரையில் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் அது என்ன செய்யும், இவள் தப்பான பக்கம் போகிறாள், இவள் லைசென்ஸ் வாங்கமாட்டாள் என்றுதான் நினைக்கும். எதிரே ஒரு சைக்கிள் மணி கேட்டால் போதும், மூளை சொல்வதற்கு முன்னால் விரல் மடங்கிவிடுகிறது. போன வாரம் முழுக்க இதே கதைதான்.

இடது பக்கம் எனக்கு ஒன்றும் கிடையாது. இடது கண் போய் ரொம்ப நாளாயிற்று, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அதுவரை கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று இருந்தேன். வலது கண்ணில் நடுவில் ஒரு வட்டம் மிச்சம் இருக்கிறது. மோசமான வட்டம் இல்லை, நல்ல தெளிவு. அதில் இப்போது கோமதியின் முதுகு இருக்கிறது, மஞ்சள் கோட்டு, ஹெல்மெட்டுக்குக் கீழே தொங்கும் பின்னல், கோட்டுக் காலருக்கும் பின்னலுக்கும் நடுவில் கொஞ்சம் கழுத்து. தலையைத் திருப்பினால் முதுகு போய் ஆறு வருகிறது, ஆறு என்றால் ஆற்றில் ஒரு துண்டு. மதுரையில் அந்த டாக்டரம்மா ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் இந்தப் பட்டனை அமுக்குங்க மாஸ்டர் என்றார்கள். அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளம் பிடிபட்டது, புள்ளி வராத இடத்திலும் இப்போது வந்திருக்கும் என்று கணக்காக அமுக்கினேன். அந்தம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்களே, மிஷின் காட்டிக்கொடுத்துருது என்று சிரித்தார்கள். பக்கத்தில் கோமதி சிரிக்கவில்லை. பிறகு ஒழுங்காக எடுத்ததில்தான் வட்டத்தின் அளவு தெரிந்தது. சொட்டு மருந்துக்கு இனிமேல் கேட்காது, ஆபரேஷன் பண்ணினால் அழுத்தம் குறையும், போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். பண்ணாவிட்டால்? கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பண்ணினால் போகவே போகாதா? அபூர்வமாக ஒருத்தருக்கு மிச்சமிருந்ததும் ஆபரேஷனிலேயே போயிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டியது என் கடமை என்றார்கள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஊருக்குப் போனதும் அடுத்த வாரத்தில் ஒரு தேதி இருக்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்று இன்றைக்குள் சொல்லவேண்டும், இல்லையென்றால் அடுத்த தேதி தீபாவளி கழிந்துதான், அதுவரை இந்த வட்டம் இதே அளவில் இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கப் போவதில்லை. சங்கரி ரயிலில் கிரெம்ஸ் ஊருக்கு வந்து எங்களுக்காக நிற்கிறாள். காலையில் போனில், "அப்பா, மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க, அங்க சாயங்காலமாயி ஆஸ்பத்திரியில ஆளு போயிருவாங்க" என்றாள். சரிம்மா என்றேன். எதற்குச் சரி என்று அவளும் கேட்கவில்லை.

"சின்ன மேடு. அடுத்தாப்புல வளைவு, இடப்பக்கம்" என்கிறாள் கோமதி. முன்னால் இருப்பவள் வருவதைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும், இல்லையென்றால் பின்னால் இருப்பவன் கால் தடுமாறும். இவள் கிராமச் செவிலியராக இருந்தவள், எதையும் ரிப்போர்ட் மாதிரிதான் சொல்வாள். "மலை மேல ஒரு கோட்டை. இடிஞ்சது. கோபுரம் மட்டும் நிக்கி. மத்தபடி சேதம் பழசுதான்." கோட்டைக்குப் பிரஷர் பார்த்துவிட்டு வந்த மாதிரி. "கீழ பூராம் திராட்சைக் கொடி. வரிசையா நல்லா வச்சிருக்காங்க." சரி சரி என்று மிதிக்கிறேன். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க ஐஸ்பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு தடுப்பூசி போடக் கரிசல் காட்டு வழியெல்லாம் சைக்கிளில் போய் வந்தவள், மழை பெய்தால் அந்த மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டை அடைத்துக்கொள்ளும், குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி மிதிப்பாள். நான் இதையெல்லாம் வண்டி ஓட்டுவது என்று கணக்கில் எடுத்ததில்லை. கியர் இருக்கிறதா, கிளட்ச் இருக்கிறதா, இல்லை, அப்புறம் என்ன ஓட்டுவது. ஸ்கூலுக்குப் பேர் வைத்தபோது என் பேரா என்று கேட்டாள், அம்மன் பேர் என்றேன், அன்றைக்கு முகத்தைத் திருப்பியவள் இன்னும் அதைக் குத்திக்காட்டாமல் விடுவதில்லை. உண்மையில் அவள் பேர்தான், கேட்டவுடன் ஒத்துக்கொண்டால் மாஸ்டர் கெத்து என்ன ஆவது. இன்று காலை ஆற்றைக் கடக்கத் தோணியில் வந்தபோது கூட இவள்தான் எனக்கு வாத்தியார். சைக்கிளோடு ஏறி நின்றோம், கரை விட்டது காலில் தெரிகிறது, ஆனால் இன்ஜின் சத்தமே இல்லை. "ஏளா, வண்டி ஆஃப் ஆயிட்டா?" என்றேன். "இன்ஜினே கிடையாது. மேல கம்பியில கட்டியிருக்காங்க, ஆத்து இழுப்புலயே அந்தக் கரைக்குப் போயிரும்." நான் நம்பவில்லை, கரை தட்டும்வரை நம்பவில்லை. இவளுக்கு எதையும் நம்புவதில் சிரமமே கிடையாது.

இந்தச் சைக்கிளில் ஒரு கோளாறு, கோளாறு என்று சொல்லக் கூடாது, அமைப்பே அப்படி. அவள் பெடலும் என் பெடலும் ஒரே செயினில் கிடக்கின்றன. அவள் சுற்றினால் நான் சுற்றவேண்டும், நான் இழுத்துப் பிடித்தால் அவளுக்குக் கனக்கும். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "என்னத்த இப்படி யோசிக்கிய?" நான் ஒண்ணுமில்லையே என்றேன். "யோசிச்சா மிதிக்கதுக்கு மறந்துருதிய. எனக்குக் காலு கனக்கு." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியவிட்டதில்லை, இப்போது போகிற போக்கில் கால் வழியாகத் தெரிந்துகொள்கிறாள். அதனால் யோசிக்கும்போது கூடுதலாக மிதிக்கிறேன். கூடுதலாக மிதித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது எதை யோசிப்பது, வாசனையை யோசிப்போம், எங்கோ பழம் கனிந்து கிடக்கிறது, ஆப்ரிகாட் என்று சங்கரி சொன்ன மஞ்சள் பழம், வழியில் பெட்டி பெட்டியாக வைத்து விற்கிறார்கள், கொஞ்சம் புளித்து, கொஞ்சம் தேன் மாதிரி, அதற்குள் ஆற்று ஈரமும் அறுத்த புல்லும். கண் போனால் மூக்கு நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். மூக்கு யாருக்கு வேண்டும். சண்முகவடிவு அண்ணாச்சிக்கு மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது, தேரடியில் ஜவுளிக்கடை வைத்திருந்தாரே, அவருக்கு இதே வியாதி, இதே ஆபரேஷன், வேற ஆஸ்பத்திரி, கட்டைப் பிரித்தபோது எதிரே நின்ற மகனிடம் லைட்டைப் போடுடே என்றாராம். பகலில். நான் போய்ப் பார்த்தபோது என் செருப்புச் சத்தத்தைக் கேட்டு வாங்க மாஸ்டர் என்றார், நல்லாயிருக்கியளா என்றார், முகம் மட்டும் எனக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான். அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை முடிவு பண்ணியாயிற்று. ஆளுக்கு ஆள் வேற, கண்ணுக்குக் கண் வேற, டாக்டரம்மா சொன்னார்கள். ஆனால் தூணைப் பார்த்துச் சிரிக்கிறவனாக நான் ஆகமாட்டேன் என்று சொன்னார்களா, சொல்லவில்லை. பண்ணாமல் இருந்தால் போவது மெதுவாகப் போகும், பழகிக்கொண்டே போகலாம், அது ஒரு வசதி. பண்ணி ஒன்று ஆகிவிட்டால் ஒரே நாளில். பண்ணாமல் இருந்து, தீபாவளிக்குள் வட்டம் சுருங்கி, ஐயோ அன்றைக்கே பண்ணியிருக்கலாமே என்று. கனக்கிறது என்று சொல்லப்போகிறாள், மிதி, மிதி.

மணிச் சத்தம். ஒன்றல்ல, நிறைய, எதிரே இருந்து, சிரிப்பும் பேச்சுமாக ஒரு பட்டாளம், "பொம்பளைங்க கூட்டம், வயசானவங்க, பாத்து ஒதுங்கித்தான் வாறாங்க" என்று கோமதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் இடது பக்கம் வந்துவிட்டது, இடது பக்கம் எனக்கு இருட்டு, அந்த இருட்டுக்குள் சக்கரம் சக்கரமாக வந்துகொண்டிருக்கிறது, எங்கள் பக்கத்தில் வருகிறார்கள், அது எங்கள் பக்கம், லெஃப்ட் எங்கள் பக்கம், கை பிடித்தது. முழுசாகப் பிடித்தது. பின்சக்கரம் சரளையில் இழுத்துக்கொண்டு போய், அவள் ஹேண்டிலை ஒடிக்க, நான் இன்னும் விடாமல் பிடிக்க, ரெண்டு பேரும் சைக்கிளோடு ஆற்றுப் பக்கம் புல்லில் சாய்ந்தோம். வானம். வட்டத்தில் வெறும் வானம் மட்டும். அந்தக் கூட்டம் இறங்கி ஓடிவந்து என்னவோ கேட்டது, தூக்கிவிட்டது, தண்ணீர் நீட்டியது, கோமதி ஓகே ஓகே தேங்க்யூ என்று எல்லாரையும் அனுப்பிவைத்தாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், கை, முட்டி, மணிக்கட்டு என்று வரிசையாக அமுக்கிப் பார்த்தாள். "வலிக்கா? இங்க? மடக்குங்க." எனக்கு ஒன்றும் இல்லை. அவள் முழங்காலைப் பார்க்க நான் தலையைக் குனிந்து வட்டத்தை இறக்கிக்கொண்டு போனேன், சுடிதார் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, கோபமாகத்தான் வெளியே வந்தது. "போதும்ளா. நான் பஸ்ல வாறேன். நீ சங்கரியக் கூட்டிக்கிட்டு மிதி. கண்ணு தெரியாதவனக் கூட்டியாந்து என்னத்துக்கு இந்த சர்க்கஸ்." அவள் பையிலிருந்து பஞ்சை எடுத்து அவள் முழங்காலை அவளே துடைத்தாள். "கண்ணு தெரியலன்னு விழல. நீங்க பிரேக்கப் பிடிச்சிய, விழுந்தோம்." எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள், மூதி. "நீங்க சும்மா இருந்திருந்தா அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க." பயந்து பிடிக்காதே, பார்த்துப் பிடி என்று நான் எத்தனை பேரைத் தலையில் குட்டியிருக்கிறேன், அது ஞாபகம் வந்து இன்னும் எரிச்சலாக இருந்தது. நானே போய்ச் சைக்கிளைத் தடவி, என் கம்பியிலிருந்த பிரேக் லீவரைத் திருகி, கைக்கு எட்டாமல் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

கேட்டுவிட்டேன். புல்லில் உட்கார்ந்தபடியே. "ஆபரேஷனுக்கு நீ என்ன சொல்லுத?" இத்தனை நாளும் அவள் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் காத்திருந்தேன், பண்ணுங்க என்று அவள் சொன்னால் பண்ணிவிடலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், எப்படிப் போனாலும் சொன்னது அவள்தானே. ஊரில் எத்தனை வீட்டு வாசலில் நின்று ஊசி போடு, ஆஸ்பத்திரிக்குப் போ, இந்தப் பிள்ளையோடு நிறுத்து என்று மாமியார்களோடு மல்லுக்கட்டியவள், எனக்கு மட்டும் ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள். "நான் சொல்லமாட்டேன்" என்றாள். ஏன் என்றேன். "நான் சொல்லி ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா, நீங்க என்னையக் கோவிச்சு ஏசுனியன்னா தாங்கிக்கிடுவேன். ஏசமாட்டிய. ஒரு வார்த்த சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு, நான் போட்ட காப்பியக் குடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பிய. அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது." அவள் சொன்னது அப்படியே உண்மை. அப்படித்தான் இருப்பேன். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாளே என்று சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. "எந்திரிங்க, பிள்ள காத்துக்கிட்டு நிக்கும்" என்று கையை நீட்டினாள்.

ஏறிவிட்டோம். கம்பியில் கை வைத்தால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை, வெறும் ரப்பர். விரல் தேடுகிறது, தேடட்டும். எதிரே ஒருத்தன் விசிலடித்துக்கொண்டு போகிறான், விரல் மடங்குகிறது, ஒன்றும் நடக்கவில்லை, அவன் போய்விட்டான். இன்னொன்று, குழந்தை உட்கார்ந்த வண்டியோ என்னவோ, போய்விட்டது. எல்லாரும் போய்விடுகிறார்கள். இவ்வளவு நாளும் நான் பிடித்ததனால்தான் யாரும் மோதவில்லை என்று இருந்தேன். "இன்னொரு ஊர் வருது. சர்ச் கோபுரம் நீலக் கலர்ல இருக்கு. வெள்ள வெள்ளையா ஏதோ பூ வேல பாத்திருக்காங்க. நல்லா இருக்குங்க" என்கிறாள். நல்லா இருக்கு என்று ரிப்போர்ட்டில் எழுதமாட்டார்கள், அவளுக்கே பிடித்திருக்கிறது. தலையை இடது பக்கம் மேலே திருப்பினேன், வீடு, ஓடு, வானம், ஓடு, கோபுரம் அகப்படவில்லை, பரவாயில்லை, அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்று முன்னால் திரும்பினேன். வட்டம் நிறைய அவள் கழுத்து. விழுந்ததில் பின்னல் கலைந்து போயிருக்கிறது. பின்னலுக்கு நடுவில் ஒரு புல் செருகியிருக்கிறது, பச்சைப் புல், நுனியில் சின்னதாகக் கதிர், அவளுக்குத் தெரியாது, மிதிக்க மிதிக்க ஆடுகிறது. புல்லுக்குப் பக்கத்தில் நரைமுடி வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. காதுக்குக் கீழே ஒரு மச்சம், இருந்ததுதான், எப்போதும் இருந்திருக்கும், நான் கடைசியாக எப்போது பார்த்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லமுடியாது. இடிந்த கோட்டையைச் சொல்வாள், கொடியைச் சொல்வாள், வளைவு மேடு எல்லாம் சொல்வாள், அவள் பின்னலில் புல் ஆடுவதை அவள் எப்படிச் சொல்வாள். இதை நான்தான் பார்க்கவேண்டும். மெதுவாகப் போனால் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேனே, எந்த மடையன் இதைப் பழகிக்கொள்வான். இந்த மச்சம் போவதற்கு நான் ஏன் பழகவேண்டும். எனக்கு இது வேண்டும். அண்ணாச்சி அண்ணாச்சியாகவே இருக்கட்டும், தூண் தூணாகவே இருக்கட்டும், பயம் எங்கேயும் போய்விடவில்லை, அதுவும் பாரத்தோடு பாரமாக வரட்டும். காப்பாற்றப் பார்க்கலாம் என்றுதானே அந்தம்மா சொன்னார்கள், பார்ப்போம். செருமிக்கொண்டேன்.

"ஏளா கோமதி" என்றேன். "என்ன, தண்ணி வேணுமா?" "அதில்ல. சங்கரிகிட்ட அந்தத் தேதிய வாங்கச் சொல்லிருவோம். நான்தான் சொல்லுதேன், நீ சொல்லல. ஆபரேஷன் பண்ணிக்கிடுதேன்." காற்றில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பெடல் கனத்தது. என்ன இது, செயினில் ஏதும் சிக்கிக்கொண்டதா, சமதளம்தானே, எதிர்க்காற்றும் இல்லையே, முழங்காலை ஊன்றி அழுத்தினால்தான் சுற்றுகிறது. யோசிக்கிறேனா? இல்லை, நான் யோசிக்கவில்லை, நான் யோசித்து முடித்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. அவள் மிதிக்கவில்லை. கால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது, என் பலத்தில் சுற்றுகிறது. வட்டத்தில் மஞ்சள் கோட்டு குலுங்கிக்கொண்டிருந்தது, ரோட்டில் மேடு பள்ளம் எதுவும் இல்லாமலே குலுங்கியது. ஆக இத்தனை நாளும் எதையும் நம்பிவிடுகிறவள், எதற்கும் பயப்படாதவள் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தவள் இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல், எனக்கும் சேர்த்து மிதித்துக்கொண்டு. "மிதிக்கலையா?" என்றேன். "மிதிக்கேன், மிதிக்கேன்" என்றாள், சுத்தப் பொய், குரல் வேற உடைந்துபோயிருந்தது. கையெட்டி முதுகில் வைக்கலாம், வைத்தேன், ஒரு கையைக் கம்பியில் ஊன்றி இன்னொரு கையை அந்த மஞ்சள் கோட்டில் வைத்தேன், சூடாக இருந்தது. ரெண்டு பேர் பாரம், பைகளின் பாரம், வயசான ரெண்டு தொடையால் தள்ளவேண்டும், நுரையீரல் கத்துகிறது, ஆனால் வண்டி நகர்கிறது, நன்றாகவே நகர்கிறது, ஆறு வலது பக்கம் எங்களோடு வருகிறது. நீ அழுது முடி, அவசரமில்லை, அதுவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"மேடு வருது" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "பெரிய மேடு."

வரட்டும் என்றேன்.